பச்சப்பிள்ளைக்கு மஞ்ச காமாலை: நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அம்மாக்கள் கேக்குற கேள்விகள்

நம்ம காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமெல்லாம் தலைப்பிரசவம்னா பொண்ண ஆத்தா வீட்டுக்குக் கூட்டியாந்துருவாக. பிரசவம் ஆஸ்பத்திரில நடக்கும், சுகப்பிரசவமா இருந்தா 2 நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா காமாலை உச்சத்துக்கு ஏறுறது 3ம் நாள்லருந்து 5ம் நாளுக்குள்ள, அதாவது டாக்டரும் நர்ஸும் பக்கத்துல இல்லாத நாள்ல. அதனால மொதல்ல கண்டுபிடிக்க வேண்டியவங்க வீட்டுல இருக்குற அம்மாவும் ஆயாவும்தான். நான் பச்சிளங்குழந்தை வார்டுல வேலை பாக்குறவ, அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேக்குறத இங்க எழுதிருக்கேன், வீட்டுல பெரியவுகளுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

எம்புள்ளைக்கு மட்டும் ஏன் மஞ்ச வந்துச்சு? நான் ஏதும் தப்பா சாப்பிட்டேனா?

நீங்க ஒண்ணும் பண்ணல. நிறைமாசத்துல பொறக்குற குழந்தைல 10க்கு 6 பேருக்கு மஞ்ச தெரியும், குறைமாசம்னா 10க்கு 8 பேருக்கு. பிள்ளை வயித்துக்குள்ள இருக்கும்போது சிவப்பணு நெறைய இருக்கும், பொறந்தப்புறம் அவ்வளவு தேவையில்ல, அது வேகமா உடையும். நமக்கு ஒரு சிவப்பணு 120 நாள் வாழும்னா பச்சப்பிள்ளைக்கு அதவிட ரொம்பக் கம்மி. உடையும்போது பிலிரூபின்னு ஒரு மஞ்சள் கழிவு வரும், அத கல்லீரல்தான் மாத்தி மலத்துல வெளிய தள்ளணும், பிள்ளையோட கல்லீரல் இப்பத்தான் வேலைக்கு வந்துருக்கு, அதுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். அவ்வளவுதான் விசயம். மாம்பழம் சாப்பிட்டதால, மஞ்சத்தூள் போட்ட குழம்பு சாப்பிட்டதால, பருப்பு சாப்பிட்டதாலன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பெத்தவளக் குத்தம் சொல்றதுக்கு இதுல எடமே இல்ல.

பெரியவங்களுக்கு வர்ற மஞ்ச காமாலை வேற, அது பெரும்பாலும் கிருமியால வர்றது. இது ஒட்டாது, வீட்டுல உள்ள மத்த பிள்ளைகளத் தள்ளி வைக்க வேணாம்.

எது சாதாரண மஞ்ச, எது ஆபத்தான மஞ்ச?

நாளை வச்சுத்தான் மொதல்ல பாக்கணும். 2ம் நாள் 3ம் நாள்ல மெதுவா முகத்துல ஆரம்பிச்சு, பிள்ளை நல்லா பால் குடிச்சு, நல்லா அழுது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு ஒழுங்கா போய், ஒரு வாரம் ரெண்டு வாரத்துல தானா எறங்குறது சாதாரணம். குறைமாசப் பிள்ளைக்கு 3 வாரம் வரைக்கும் ஆகலாம்.

பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள மஞ்ச தெரிஞ்சா அது சாதாரணம் இல்ல, அன்னைக்கே ரத்தம் பாக்கணும். மஞ்ச தலையில ஆரம்பிச்சு கீழ எறங்கும், முகம், நெஞ்சு, வயிறு, தொடை, கடைசியா உள்ளங்கை உள்ளங்கால். உள்ளங்கால் வரைக்கும் வந்துருச்சுன்னா நாளைக்கு பாப்போம்னு வைக்காதீங்க. முகத்துல மட்டும்தானே இருக்குன்னு அசால்ட்டாவும் இருக்க வேணாம், கண்ணால பாத்து அளவு சொல்றது எங்களுக்கே தப்பிப் போகும், அதான் டெஸ்ட் எடுக்குறோம்.

வீட்டுல எப்படிப் பாக்குறது? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே

இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி. நம்ம பழைய வீடுகள்ல பெத்தவளையும் பிள்ளையையும் உள்கட்டுல ஒரு ரூம்ல படுக்க வச்சுருப்பாக, காத்து அடிக்கக் கூடாதுன்னு சன்னல் சாத்தி, ஒரு மஞ்ச பல்போ ஜீரோ வாட்ஸ் பல்போ எரியும். அந்த வெளிச்சத்துல பிள்ளைக்கு மஞ்ச இருக்கா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. 3, 4, 5 இந்த நாள்கள்ல தினமும் காலைல ஒரு தடவ, பகல்ல ஒரு தடவ, பிள்ளைய வளவுக்குத் தூக்கிட்டு வாங்க, வெயில்ல இல்ல, நெழல்ல, நல்ல பகல் வெளிச்சம் விழுற எடத்துல. மஞ்ச சேலை கட்டிக்கிட்டு மடியில போட்டுப் பாக்காதீங்க, வெள்ளைத் துணில போடுங்க. சட்டையக் கழட்டுங்க. பெருவிரலால நெத்தியில லேசா ஒரு செகண்ட் அழுத்தி எடுங்க, ரத்தம் வெலகுன அந்த எடம் வெளுப்பாத் தெரிஞ்சா சரி, மஞ்சளாத் தெரிஞ்சா மஞ்ச இருக்கு. அதே மாதிரி மூக்கு நுனி, நெஞ்சு, தொப்புளுக்குக் கீழ, முழங்கால், உள்ளங்கால். கறுப்பான பிள்ளைக்குத் தோல்ல தெரியறது கஷ்டம், கண்ணோட வெள்ளையையும் ஈறையும் பாருங்க. ஈறுல விரல வச்சு அழுத்துனா நல்லாவே தெரியும், கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு.

இன்னொண்ணு, குளிக்க வைக்கிற ஆயாகிட்ட மொதல்லயே சொல்லி வையுங்க, இந்த ஒரு வாரம் பிள்ளைக்கு மஞ்சள் பூச வேணாம். பூசிட்டா எது அந்த மஞ்ச, எது காமாலை மஞ்சன்னு தெரியாமப் போயிரும்.

காலை வெயில்ல காட்டுனா சரியாப் போயிரும்னு எல்லாரும் சொல்றாக. டாக்டர்கூட முன்ன சொன்னாரே?

இத விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இதாலதான் நெறைய பேரு நாள் கடத்திடுறாங்க.

வெளிச்சத்துக்கும் காமாலைக்கும் சம்பந்தம் இருக்குறது உண்மை. 1956ல இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் ராக்ஃபோர்டுன்னு ஒரு ஊர் ஆஸ்பத்திரில சிஸ்டர் வார்டுன்னு ஒரு நர்ஸம்மா, குறைமாசப் பிள்ளைகள வெளி முற்றத்துக்குத் தூக்கிட்டுப் போய் வெயில் காட்டுவாங்க. ஒரு பிள்ளைய டாக்டர்ககிட்ட காட்டும்போது உடம்பெல்லாம் வெளுத்துருக்கு, துணி மூடியிருந்த ஒரு முக்கோண எடம் மட்டும் மஞ்சளாவே இருக்கு. அங்கருந்துதான் டாக்டர் கிரெமர் குழு ஆராய்ச்சி பண்ணி 1958ல லான்செட் பத்திரிகைல எழுதுனாங்க, இன்னைக்கு நாம காமாலைப் பிள்ளைய ஆஸ்பத்திரில லைட்டுக்குக் கீழ வச்சு வைத்தியம் பாக்குறதெல்லாம், லைட்டுல வைக்கிறதுன்னு சொல்றோமே, அதுலருந்து வந்ததுதான். ஒரு நர்ஸோட கண்ணு கவனிச்ச விசயம், எனக்கு இதச் சொல்றதுல எப்பவும் சந்தோசம்.

ஆனா அப்புறம் என்ன கண்டுபிடிச்சாங்கன்னா, வேலை செய்யறது நீல வெளிச்சம், 460லருந்து 490 நானோமீட்டர் வரைக்கும் உள்ளது. அது போதுமான அளவுல பிள்ளையோட உடம்பு பூரா மணிக்கணக்கா விழணும். வெயில்ல 10 நிமிசம் 15 நிமிசம் வச்சா அது பத்தாது, அதுவும் சட்டை, தொப்பி, போர்வையோட காட்டுனா முகத்துல மட்டும்தான் படும். சட்டையக் கழட்டி நம்ம ஊரு வெயில்ல ரொம்ப நேரம் போட்டா சூடு ஏறும், தோல் வெந்துரும், தண்ணி வத்தும், தண்ணி வத்துனா மஞ்ச இன்னும் ஏறும். மார்கழி காலைல போட்டா பிள்ளை குளிர்ந்துரும். வெயில்ல புறஊதாக் கதிரும் இருக்கு, பச்சப்பிள்ளை தோலுக்கு அது ஆகாது.

ஒண்ணு யோசிங்க. மஞ்ச கம்மியா இருந்தா வெயிலே தேவையில்ல, பாலே போதும். மஞ்ச அதிகமா இருந்தா வெயில் பத்தாது. அப்புறம் எதுக்கு? எளவெயில்ல கொஞ்ச நேரம் தூக்கி வச்சுக்கிட்டா தப்பில்ல, ஆனா அத வைத்தியம்னு நம்பி டெஸ்ட்டத் தள்ளிப் போடாதீங்க.

நீல பல்பு வாங்கி தொட்டில் மேல கட்டலாமா?

வேணாம். கடையில விக்கிற நீல பல்பு நீலமாத் தெரியும், அவ்வளவுதான், தேவையான அளவு தராது. டியூப்லைட்டும் அப்படித்தான். சூடு, கரண்ட் ஆபத்து வேற.

பால் எவ்வளவு கொடுக்கணும்? சீம்பால் மஞ்சளா இருக்கு, அதனாலதான் காமாலைன்னு எங்க அயித்த சொல்றாக

சீம்பால் மஞ்சளா இருக்குறதுக்கும் காமாலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சொல்லப்போனா சீம்பால்தான் மருந்து, பிள்ளையோட மொதல் கறுப்பு மலத்த அதுதான் எளக்கி வெளியேத்தும். அந்த மலத்துல நெறைய பிலிரூபின் இருக்கு, அது குடல்லயே தங்குனா திரும்ப ரத்தத்துக்குள்ள ஏறிடும். அதனால பால் எவ்வளவு போகுதோ அவ்வளவு மலம் போகும், மஞ்சளும் அதோடயே போகும்.

ஒரு நாளைக்கு, ராத்திரியும் சேத்து, 8லருந்து 12 தடவ. மணி பாத்துத்தான் கொடுக்கணும்னு இல்ல, பிள்ளை வாயத் தொறந்து தேடுனாலே கொடுக்கலாம். ஆனா காமாலைப் பிள்ளை தூங்கி வழியும், பசின்னு அழாது, இங்கதான் ஏமாந்துருவோம். நல்ல பிள்ளை, அழவே மாட்டேங்குதுன்னு சந்தோசப்படாதீங்க. 2 மணி நேரத்துக்கு ஒருக்க, அதிகபட்சம் 3 மணி நேரத்துக்குள்ள எழுப்பிக் கொடுங்க. போர்வைய எடுத்து, உள்ளங்காலத் தேய்ச்சு, முதுகத் தடவி, துணி மாத்தி எழுப்புங்க. அப்பவும் சப்பலைன்னா பாலப் பீய்ச்சி பாலாடைல கொடுங்க, அதுக்கும் முழுங்கலைன்னா வீட்டுல வச்சுருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பால் போதுதான்னு எப்படித் தெரியும்னா, 5ம் நாளுக்கு மேல 24 மணி நேரத்துல 6 தடவையாவது ஒண்ணுக்குப் போகணும், மலம் கறுப்புலருந்து பச்சையாகி மஞ்சளா மாறியிருக்கணும். மொதல் வாரத்துல எடை கொஞ்சம் கொறையும், பொறந்த எடைல 10ல 1 பங்குக்கு மேல கொறைஞ்சா பால் பத்தலன்னு அர்த்தம். நெறைய பேருக்கு பால் ஊறாம இல்ல, பிள்ளை காம்ப மட்டும் கவ்வுறதாலதான் வரமாட்டேங்குது. கறுப்பு வட்டமும் சேந்து வாய்க்குள்ள போகணும், வலிச்சா எடுத்துட்டுத் திருப்பி வைங்க.

பெத்தவளுக்கும் சோறு தண்ணி வேணும். தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்னு அளந்து கொடுக்குற வீடுக இன்னும் இருக்கு, பாவம் அந்தப் பிள்ளைக நாக்கு வறண்டு கெடக்கும். தாகத்துக்குக் குடிக்கட்டும். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் தாராளமாக் கொடுங்க.

சேனை வைக்கலாமா? சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால்?

எதுவும் வேணாம். சர்க்கரைத் தண்ணி குடுத்தா வயிறு ரொம்பிரும், பால் குடிக்காது, மலம் போகாது, மஞ்ச ஏறும். தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்குற ஒரு கிருமியோட விதை பிள்ளையோட குடல்ல முளைச்சு நரம்பத் தாக்கும். கழுதைப்பால் தெருவுல சங்குல ஊத்திக் கொடுப்பாங்க, சுத்தம் இல்ல, பச்சைப்பால், காமாலைக்கு அதால பிரயோசனமும் இல்ல. கீழாநெல்லிய பச்சப்பிள்ளைக்கு அரைச்சு ஊத்தாதீங்க. சூடு வைக்கிறது இன்னும் எங்கயாச்சும் நடக்குதுன்னா அது பிள்ளைக்குப் பண்ற கொடுமை, யாரு சொன்னாலும் விடாதீங்க.

சேனை வைக்கணும்னு பெரியவுக ஆசப்பட்டா, பிள்ளைய மொதல்ல அவுக மடியில வைங்க, காதுல பேரச் சொல்லட்டும், ஆசீர்வாதம் பண்ணட்டும். வாய்ல ஒண்ணும் வைக்க வேணாம்.

பீரோவுல இருக்குற பழைய சேலையில தொட்டில் கட்டுறோம், துணி சுத்துறோம். அதுக்கும் இதுக்கும் என்ன?

நெறைய இருக்கு, யாரும் சொல்லித் தர்றதில்ல. நம்ம வீடுகள்ல அப்பத்தா காலத்துச் சேலை, கண்டாங்கி, வேட்டி எல்லாம் பெட்டிலயும் பீரோவுலயும் அந்துருண்டை, அதான் பாச்சை உருண்டை, போட்டு வருசக்கணக்கா வச்சுருப்போம். பழசுதான் மெதுவா இருக்கும்னு பிள்ளை பொறந்ததும் அதத்தான் எடுப்போம். அந்த உருண்டைல இருக்குற நாப்தலின், தோல் வழியாவும் மூச்சு வழியாவும் பிள்ளைக்குள்ள போகும், எண்ணெய் தேய்ச்ச ஒடம்புன்னா இன்னும் சுலபமா ஏறும். ஜி6பிடின்னு ஒரு நொதி சில பேருக்குப் பொறப்புலயே கம்மியா இருக்கும், ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நாப்தலின் பட்டா சிவப்பணு மடமடன்னு உடைஞ்சு, நேத்து நல்லா இருந்த பிள்ளைக்கு இன்னைக்கு உள்ளங்கால் வரைக்கும் மஞ்ச ஏறிரும், ஒடம்பும் வெளுத்துரும்.

எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்குன்னு முன்னாடியே தெரியாது, அதனால எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறைதான். பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே, உருண்டை படாத பருத்தித் துணிய தனியா எடுத்துத் துவைச்சு வெயில்ல காயப்போட்டு ஒரு பையில கட்டி வையுங்க. துவைச்சப்புறமும் வாசம் வருதுன்னா அந்தத் துணி பிள்ளைக்கு வேணாம், அப்பத்தா சேலையா இருந்தாலும் சரி. பிள்ளை படுக்குற ரூம்ல உள்ள பீரோலருந்தும் உருண்டைய எடுத்துருங்க.

எனக்கு ஓ குரூப். நெகட்டிவ்னா இன்னும் மோசமா?

அம்மா ஓ, பிள்ளை ஏ இல்ல பி குரூப்னா, அம்மாவோட எதிர்ப்புப் பொருள் பிள்ளை ரத்தத்த உடைக்கலாம், மஞ்ச சீக்கிரமா வரும். எல்லாருக்கும் வராது, ஆனா கவனமா இருக்கணும். அம்மா நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ்னா பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போடணும், அது அடுத்த பிள்ளையக் காப்பாத்துறதுக்கு. டிஸ்சார்ஜ் ஆகும்போது பிள்ளையோட குரூப் என்னன்னு கேட்டு சீட்டுல எழுதி வாங்குங்க. முன்ன பொறந்த பிள்ளைய லைட்டுல வச்சுருந்தாங்கன்னாலும், 35, 36 வாரத்துலயே பொறந்துருச்சுன்னாலும், தலையில ரத்தம் கட்டி வீங்கியிருந்தாலும் வாயத் தொறந்து சொல்லுங்க, அவங்களா கேப்பாங்கன்னு இருக்காதீங்க.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரத்த டெஸ்ட்டுல பிலிரூபின் 14 இருந்துச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க பிள்ளைக்கு 13தான், லைட்டுல வைக்கிறாங்க. காசு புடுங்கவா?

இந்தச் சந்தேகம் வர்றது நியாயம்தான், ஆனா நம்பர மட்டும் வச்சு ஒப்பிடக் கூடாது. பிள்ளை பொறந்து எத்தன மணி நேரம் ஆச்சு, எத்தன வாரத்துல பொறந்துச்சு, குரூப் சண்டை இருக்கா, இதெல்லாம் சேத்து ஒரு சார்ட் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. நிறைமாசப் பிள்ளைக்கு 5ம் நாள் 14னா பெரும்பாலும் பால் கொடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம், அதே 14 பொறந்து 24 மணி நேரத்துல வந்தா அவசரம். டாக்டர்கிட்ட தயங்காமக் கேளுங்க, எத்தன மணி நேரத்துப் பிள்ளைக்கு எத்தனக்கு மேல போனா லைட்டு வைப்பீங்கன்னு.

அரசு ஆஸ்பத்திரில காமாலைக்கு டெஸ்ட், லைட்டு, சாப்பாடு எல்லாமே இலவசம். சிவகங்கை, புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ரெண்டும் நமக்குக் கிட்டதான்.

லைட்டுல வச்சா கண்ணு போயிருமா? பிள்ளையத் தூக்க விடுவாங்களா?

கண்ணுல கட்டு போட்டுத்தான் வைப்போம், அது நழுவாம இருக்கான்னு நீங்களும் பாத்துக்குங்க, மூக்க மூடிறக் கூடாது. அது எக்ஸ்ரே இல்ல, வெறும் நீல வெளிச்சம், தோலுக்குள்ள இருக்குற பிலிரூபின தண்ணில கரையிற மாதிரி மாத்தி விட்டுரும், மலத்துலயும் மூத்திரத்துலயும் போயிரும். டயபர் மட்டும் போட்டு மத்த ஒடம்பு தெரியணும், எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் தடவக் கூடாது. 2, 3 மணி நேரத்துக்கு ஒருக்க எடுத்து நெஞ்சோட அணைச்சு பால் கொடுக்கலாம், கொடுக்கணும். மலம் பச்சையா தண்ணியாப் போகும், பயப்படாதீங்க. லைட்டுல இருக்குற பிள்ளைக்குத் தோல் சீக்கிரம் வெளுத்துரும், ரத்தத்துல இன்னும் இருக்கும், அதனால வெளுத்துருச்சே வீட்டுக்குப் போறோம்னு அடம் பிடிக்காதீங்க. நிறுத்துனப்புறம் திரும்ப ஏறுதான்னு பாக்க இன்னொரு டெஸ்ட் எடுப்பாங்க.

லைட்டுக்கும் எறங்கலைன்னா பிள்ளையோட ரத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வேற ரத்தம் ஏத்துவாங்க. நேரத்தோட வந்தா பெரும்பாலும் அதுக்கு வேலை இருக்காது.

விட்டுட்டா என்னதான் ஆகும்?

பிலிரூபின் ரொம்ப ஏறிருச்சுன்னா மூளைக்குள்ள போயிரும். மொதல்ல பிள்ளை தொவண்டு போகும், பால் குடிக்காது. அப்புறம் கீச்சுன்னு ஒரு அழுகை, தலையும் முதுகும் பின்னாடி வில்லா வளையும், வெட்டு, அதான் வலிப்பு, வரும். பொழச்சாலும் காது கேக்காமப் போகலாம், கை கால் தன்னப்போல முறுக்குற நிலை வரலாம், அத மாத்த முடியாது. இப்படி வந்த பிள்ளைய வார்டுல பாக்கும்போது நெஞ்சு பதறும், ஏன்னா ரெண்டு நாள் முன்னாடி வந்துருந்தா லைட்டுலயே முடிஞ்சுருக்கும். இதுல ஒரு அறிகுறி தெரிஞ்சாலும் அந்த நிமிசமே 108.

16 நாள் தீட்டு கழியல, வெளிய தூக்கக் கூடாதுங்கிறாக. அதுவும் இன்னைக்கு அஷ்டமி

கண்டவங்க கையும் பச்சப்பிள்ளை மேல படக் கூடாதுன்னு பெரியவுக வச்ச காவல் அது, நல்லதுக்குத்தான். ஆனா ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது. காமாலை நாள் நட்சத்திரம் பாத்து ஏறாது. பெரியவுக ஒத்துக்கலைன்னா ஊருக்கு வர்ற நர்சம்மாவுக்கு போன் போட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அவங்க சொன்னா கேப்பாக. 104க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

ஒரு மாசம் ஆச்சு, இன்னும் லேசா மஞ்ச இருக்கு. தாய்ப்பால நிறுத்தவா?

நிறுத்தாதீங்க. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற சில பிள்ளைகளுக்கு லேசான மஞ்ச 2, 3 மாசம் வரைக்கும்கூட நிக்கும், எடை ஏறி நல்லா இருந்தா அது ஒண்ணும் பண்ணாது. ஆனா 14 நாளத் தாண்டி மஞ்ச இருந்தா ஒரு தடவ கட்டாயம் ரத்தம் பாத்து, டைரக்ட் பிலிரூபின், அதாவது கல்லீரல் மாத்தி முடிச்ச பிலிரூபின், எவ்வளவுன்னு கேளுங்க. ஏன்னா பித்தக்குழாய் அடைப்புன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆபரேசன் 60 நாளுக்குள்ள பண்ணாத்தான் நல்லா பலன் கிடைக்கும்.

அத வீட்டுலயே கண்டுபிடிக்க ரெண்டு வழி. பிள்ளைக்கு டயபருக்குப் பதிலா, அந்துருண்டை படாத பழைய வெள்ளை வேட்டித் துணி கட்டுங்க. பச்சப்பிள்ளை மூத்திரம் நெறமே இல்லாம இருக்கணும், துணில மஞ்சக் கறை பிடிச்சா சரியில்ல. மலம் மஞ்சளாவோ பச்சையாவோ இருக்கணும், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனா அந்தத் துணிய அப்படியே ஒரு கவர்ல போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போங்க, இல்ல பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்துக் காட்டுங்க. அசிங்கம்னு நெனைக்காதீங்க, எங்களுக்கு அதுதான் பெரிய தகவல்.

லைட்டுல வச்சு சரியாயிருச்சு. இனி ஏதும் பாக்கணுமா?

லேசா இருந்து எறங்குனதுன்னா தனியா ஒண்ணும் வேணாம், தடுப்பூசிக்குப் போகும்போது எடை பாத்தாப் போதும். ரொம்ப அதிகமா ஏறியிருந்தாலோ ரத்தம் மாத்தியிருந்தாலோ 3 மாசத்துக்குள்ள காது டெஸ்ட் கட்டாயம் எடுங்க, பெரான்னு சொல்லுவாங்க, பிள்ளை தூங்கும்போதே எடுத்துருவாங்க, வலிக்காது. குரூப் சண்டையால வந்த காமாலைன்னா கொஞ்ச வாரத்துக்கு ரத்தம் மெதுவாக் கொறைஞ்சுக்கிட்டே போகலாம், பிள்ளை வெளுத்துப் போகுதான்னு பாத்து, டாக்டர் சொன்ன தேதிக்கு ஹீமோகுளோபின் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. டிஸ்சார்ஜ் சீட்டத் தொலைச்சுறாதீங்க, அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது மொத நாளே அத எடுத்துக் காட்டணும்.